ஏழாவது குடை

கீரனூர்ப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ராஜலட்சுமிக்கு அலுவலக வேலை. வீடு குளத்தூர் தாண்டி உள்ளடங்கிய ஊரில். கணவன் அருண்குமார் சிங்கப்பூரில் இருந்தான். வீட்டில் அவளும் மாமியார் அமராவதியும்தான். வேலை விட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் கைப்பேசியை எடுத்துக்கொள்வாள். ஊர் வந்து சேர்வதற்குள் ஏழ்குடை நாட்டின் ஒரு அத்தியாயம் தயாராகியிருக்கும்.

அந்த நாட்டை அவள்தான் உண்டாக்கினாள். அங்கே ஒருவருடைய தகுதியை அவர் பிடிக்கும் குடை சொல்லிவிடும். அரச குலத்துக்கு வெண்பட்டுக் குடை. அமைச்சர்களுக்குப் பொன்னிறக் குடை, படைத்தலைவர்களுக்குச் செங்குடை, நிலம் ஆள்பவர்களுக்குப் பச்சை, கடல் வணிகர்களுக்கு நீலம், உழுகிறவர்களுக்கும் கைத்தொழிலாளருக்கும் ஓலைக்குடை. இவர்களுக்கெல்லாம் கீழே குடையிலார். வெயிலோ மழையோ அவர்கள் தலைக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. வேறொருவர் குடையின் நிழல் அவர்கள்மேல் விழுந்தால், குடைக்காரர் அந்தக் குடையை எரித்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். அதற்கான தண்டனை குடையிலாருக்கு. இந்த நாட்டில் பிறந்த இளவரசி வெண்பரிதி இதையெல்லாம் எதிர்த்து நிற்பதுதான் கதை.

கதை வாசிக்கும் ஒரு செயலியில் அது தொடராக வந்தது. நினைத்ததைவிட நிறையப் பேர் படித்தார்கள். ‘நீங்கள் எந்தக் குடை?’ என்று வாசகி ஒருத்தி கேள்விபதில் ஒன்றைத் தயாரித்துச் சுற்றவிட்டாள். ராஜலட்சுமியின் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. “நம்ம எல்லாம் செங்குடைதானப்பா, இதுல என்ன கேள்வி” என்று அருண்குமாரின் சித்தப்பா திருப்பதி எழுதினார். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். ராஜலட்சுமியும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாள். ஏழாவது வகை தனக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை.

முதல் பாகத்தை ஒலிக்கதையாக்கலாம் என்று செயலிக்காரர்கள் கேட்டபோது குரலை அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படித்தான் செவந்தி வந்தாள்.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில், ஒரு மாடி அறையில் இருக்கும் ஒலிப்பதிவுக் கடையில் செவந்தி வேலை பார்த்தாள். ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அறிவிப்புகளில் பாதி அவள் குரல்தான். ஜவுளிக்கடைத் திறப்பு விழா, காதணி விழா, வடமாடு மஞ்சுவிரட்டு, இரங்கல் செய்தி, எல்லாவற்றுக்கும் அந்தந்த ஏற்ற இறக்கம் அவளிடம் இருந்தது. ஆங்கில இலக்கியம் படித்தவள். வயது முப்பதுக்குள். சென்னையில் விளம்பரங்களுக்கும் ஒலிநூல்களுக்கும் குரல் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஏழ்குடை நாடு தனக்கு முதல் படி என்று அவளே சொன்னாள்.

அவள் வாசிக்க ஆரம்பித்ததும் ராஜலட்சுமிக்குத் தன் கதையே புதிதாகத் தெரிந்தது. அரசவைக்கு ஒரு குரல், போர்க்களத்துக்கு ஒரு குரல். குடையிலார் பேசும் இடம் வந்தபோது மட்டும் ராஜலட்சுமி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இந்த எடத்துல கொஞ்சம் மாத்திப் படிங்களேன் செவந்தி. ஒங்க பக்கமெல்லாம் பேசுவாங்கள்ல, அந்த மாதிரி.”

“எங்க பக்கம்னா எப்படி மேடம்?”

“இல்ல, சும்மா, கிராமத்துப் பேச்சு.”

“நீங்களும் கிராமந்தானே” என்று செவந்தி சிரித்தாள். பிறகு, “சரி, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அவள் கேட்டபடியே குரலை இழுத்துப் படித்தாள்.

செவந்தியின் தெரு எது என்று அப்போது ராஜலட்சுமி விசாரித்திருக்கவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊர்ப் பேரையும், அப்பா பேரையும், கீரனூரில் எந்த விடுதியில் தங்கிப் படித்தாள் என்பதையும் பேச்சுவாக்கில் கேட்டு, மீதியைத் தானாகவே சேர்த்துக்கொண்டிருந்தாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சின்ன வயதிலிருந்தே வீட்டுப் பெரியவர்கள் புதிய மனிதர்களிடம் பேசுவதைக் கேட்டு வளர்ந்ததில் வந்த பழக்கம்.

வேலை நடக்க நடக்க இருவருக்கும் ஒட்டுதல் வந்தது. ‘மேடம்’ போய் ‘அக்கா’ ஆனது. பஸ் ஸ்டாண்டுக்குச் சேர்ந்தே நடந்தார்கள். கதையில் வரும் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் எப்படிக் குரல் வைப்பது என்று வழியெல்லாம் பேசினார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு வாரம் கடை இருந்த தெருவில் காலையிலிருந்து மாலைவரை ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். பதிவு செய்ய வழியில்லை. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

“எங்க வீட்டுக்கு வாங்களேன்” என்றாள் ராஜலட்சுமி. “ஊருக்கு வெளிய தோட்டத்து வீடுதான். ஞாயித்துக்கிழமை ஈ காக்கா சத்தம் இருக்காது.”

செவந்தி கொஞ்சம் யோசித்தாள். “வீட்ல யாரு இருப்பாங்க?”

“அத்தை மட்டுந்தான். ஒண்ணும் தொந்தரவு இல்ல.”

செவந்தி வந்தாள். மைக்கையும் மடிக்கணினியையும் உள்ளறையில் வைத்து, ஜன்னலுக்குக் கம்பளி மாட்டிக்கொண்டிருந்தபோது அமராவதி வாசற்படியில் வந்து நின்றாள். வந்த பிள்ளையைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம்தான்.

“எந்தூருத்தா நீ?”

“குன்றாண்டார்கோவிலுங்க.”

“அங்க எங்க ஆளுக நெறையப் பேரு இருக்காக. ஊருக்குள்ளயா வீடு?”

“இல்லீங்க. ரோட்டுக்கு அங்கிட்டு. காலனி.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு அமராவதி அடுக்களைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கையில் தட்டு இருந்தது. தட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் டீ. பக்கத்தில் காகிதக் கப்பில் டீ. போன மாதம் வீட்டில் நடந்த ஒரு காதுகுத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய கப். அமராவதி தட்டைக் கட்டில்மேல் வைத்து, “குடிங்க, ஆறிப்போயிரும்” என்றாள். குரலில் ஒரு கடுமையும் இல்லை. முறுக்குகூட வைத்திருந்தாள்.

ராஜலட்சுமி தட்டைப் பார்த்தாள். காகிதக் கப்பைத் தான் எடுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. “அத்தை, இன்னொரு டம்ளர் குடுங்க” என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் நேரம் இருந்தது. செவந்தி ஒயரைச் செருகுவதற்காகக் குனிந்திருந்தாள். மாமியார் கதவருகிலேயே நின்றாள். ராஜலட்சுமியின் கை நீண்டு டம்ளரை எடுத்துக்கொண்டது.

செவந்தி நிமிர்ந்தாள். தட்டையும் ராஜலட்சுமியின் கையிலிருந்த டம்ளரையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு கப்பை எடுத்து நிதானமாகக் குடித்தாள். குடித்து முடித்ததும் கப்பைத் தட்டில் வைக்காமல், நசுக்கி மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஆரம்பிக்கலாமாக்கா?”

அன்று பதிய வேண்டியது, இளவரசி வெண்பரிதி குடையிலாரின் கிணற்றுக்குப் போகும் அத்தியாயம். ஒரு கிழவி இறைத்து வைத்திருந்த குடத்திலிருந்து இளவரசி தண்ணீர் அள்ளிக் குடிக்கிறாள். காவலர்கள் பதறுகிறார்கள். வாசகர்கள் கொண்டாடிய இடம் அது. செவந்தி ஒரே மூச்சில், எங்கும் தடுக்காமல் படித்தாள். காதில் மாட்டிய கருவியோடு எதிரே உட்கார்ந்திருந்த ராஜலட்சுமி தரையில் இருந்த ஒரு சிமெண்ட் வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாக்கியங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழ விழ, காது மடல் சுட்டது.

பஸ் ஏற்றிவிடப் போனபோது மெல்ல ஆரம்பித்தாள். “அத்தை பழைய ஆளு செவந்தி. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க.”

“அவங்க நல்லாத்தானே பேசுனாங்க” என்றாள் செவந்தி. பஸ் வந்தது. “வாரேன்” என்று ஏறிக்கொண்டாள்.

ஒலிக்கதை வெளியாகி நல்ல பேர் வாங்கியது. எழுத்தைவிடக் குரலைப் பாராட்டியவர்கள் அதிகம். புதுக்கோட்டையில் வாசகர் வட்டம் ஒன்றை நடத்திவந்த ஆத்மநாதன் என்பவர் இருவரையும் அழைத்து ஒரு கூட்டம் வைத்தார். சிறிய மண்டபம், நிறைந்துவிட்டது. மேடையில் ராஜலட்சுமியும் செவந்தியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்தாள். “அந்தக் கிணத்துக் காட்சி எப்படி மேடம் எழுதுனீங்க? நெஜத்துல அப்படி யாரையாச்சும் பாத்திருக்கீங்களா?”

எல்லாரும் ராஜலட்சுமியைப் பார்த்தார்கள். கற்பனைதான் என்று சொல்லியிருந்தால் போதும். கூட்டத்தின் முகங்களில் இருந்த பிரியம் அவளை அதற்கு விடவில்லை.

“எங்க வீட்ல வித்தியாசமே பாக்கமாட்டோங்க” என்றாள். “யாரு வந்தாலும் ஒரே டம்ளர்தான். அதுலருந்து வந்ததுதான்.” கை தட்டினார்கள். தட்டல் ஓயவில்லை. அந்த வேகத்தில் இன்னொன்றையும் சொன்னாள்: “வேணும்னா செவந்திகிட்டயே கேளுங்க. எங்க வீட்டுக்கு வந்திருக்காங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. ஆத்மநாதன் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியை எடுத்துச் செவந்தியிடம் நீட்டினார்.

செவந்தி வாங்கிக்கொண்டாள். ராஜலட்சுமியின் பக்கம் திரும்பவில்லை. தன் அறிவிப்புக் குரலில், கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும்படி சொன்னாள்: “டீ ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.”

மண்டபம் சிரித்தது. மறுபடி கைதட்டல்.

கூட்டம் முடிந்ததும் செவந்தி யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். ராஜலட்சுமி பஸ்ஸில் தனியாக வந்தாள். அன்று அவள் எதுவும் எழுதவில்லை. போர்த்திய பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ‘என்ன விசேஷம்’ என்று கேட்டபோது, ‘சும்மா, ஒரு ஃபங்ஷன்’ என்று அதைப் பைக்குள் திணித்தாள்.

கூட்டத்தின் காணொளியை ஆத்மநாதன் அனுப்பி வைத்தார். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அவள் அதைப் பார்த்தாள். ‘யாரு வந்தாலும் ஒரே டம்ளர்தான்’ என்று சொல்லும் தன் முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அந்த முகம் பொய் சொல்கிற முகமாகவே இல்லை. சொல்லும்போது அதை முழுதாக நம்பியிருந்தது. அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் அடிக்கும்போதும், துணி காயப்போடும்போதும் அது கண்முன் வந்து நின்றது. மாமியாரோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. மாமியார்மேல் கோபம் என்று முதலில் நினைத்தாள். மாமியார் எதையும் மறைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தபோது அந்தக் கோபத்தையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், பாலிடெக்னிக் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, செயலியில் தன் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். கூட்டத்தில் சொன்னது பொய். எங்கள் வீட்டில் என் கதையை வாசித்த பெண்ணுக்குக் காகிதக் கப்பில்தான் டீ கொடுத்தோம். நான் பார்த்துக்கொண்டு டம்ளரில் குடித்தேன். இப்படி முடித்து, வெளியிட்டுவிட்டாள். போட்டதும் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. அன்று நன்றாகப் பசித்தது.

சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் பதில்கள். திட்டியவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் பாராட்டுதான். ‘என்ன ஒரு நேர்மை!’ ‘இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!’ ‘நீங்கள்தான் எங்கள் வெண்பரிதி.’ படிக்கப் படிக்க, இறங்கிய பாரம் வேறொரு பக்கமாக ஏறி உட்கார்ந்தது.

இரண்டு நாள் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து அருண்குமார் கூப்பிட்டான். “திருப்பதி சித்தப்பா படிச்சுக் காட்டுறாரு. எங்கம்மாவ ஊருக்கே காட்டிக் குடுத்துட்டியே. ஒனக்கு என்ன கொற வச்சாங்க அவங்க?”

“நான் என்னயப் பத்தித்தான் எழுதுனேன்.”

“வீடு யாரு வீடு? டீ போட்டது யாரு?”

அமராவதிக்கும் யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். அவள் சத்தம் போடவில்லை. கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், ராஜலட்சுமி பக்கத்தில் வந்து நின்றதும் தலையைத் தூக்காமலே பேசினாள்.

“நான் குடுத்தேன். ஆமா. எங்க மாமியா எப்படிக் குடுத்துச்சோ அப்படிக் குடுத்தேன். தப்புன்னா அப்பவே சொல்லிருக்கலாம்ல. நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன?”

“நின்னேன்” என்றாள் ராஜலட்சுமி.

“அப்பறம் என்ன. ரெண்டு பேரும் சேந்துதான் குடுத்தோம்.”

செவந்தி தொலைபேசியை எடுக்கவேயில்லை. சனிக்கிழமை ராஜலட்சுமி கீழராஜ வீதிக்குப் போனாள். மாடியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செவந்தி ஒரு மஞ்சுவிரட்டு அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். ‘காளைகளும் காளையர்களும் திரண்டு வாரீர்’ என்று கணீரென்று முடித்துவிட்டு வெளியே வந்தாள். ராஜலட்சுமியைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

“வாங்க மேடம்.”

‘அக்கா’ இல்லை என்பதை ராஜலட்சுமி கவனித்தாள். படிக்கட்டில் நின்று பேசினார்கள்.

“மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன் செவந்தி. அன்னைக்கு மேடையில—”

“மேடையில என்கிட்டத்தானே மைக்கைக் குடுத்தாங்க? உள்ளதச் சொல்லணும்னா அங்கயே சொல்லிருப்பேன். சொல்ல வேண்டாம்னு நான்தான் நெனச்சேன். ரெண்டாம் பாகம் எனக்கு வேணும். அதோட, அத்தன பேரு முன்னாடி என்னய எல்லாரும் பாவமாப் பாக்குறது எனக்குப் புடிக்கல. அது நான் எடுத்த முடிவு மேடம். அத நீங்க எனக்காக மாத்திட்டீங்க.”

“நான் ஒங்க பேரப் போடலயே.”

“‘என் கதையை வாசித்த பெண்’னு போட்டா யாருன்னு தெரியாதா?” செவந்தி கீழே தெருவைப் பார்த்தாள். “கடைக்கு வாரவங்க, நீங்கதானா அதுன்னு கேக்குறாங்க. ஆறு வருசமா இங்க வேலை பாக்குறேன், என் தெரு எதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இப்ப டீ வந்தா எல்லாரும் என் கையப் பாக்குறாங்க. எங்கம்மாகிட்ட நான் அன்னைக்கு நடந்தத சொல்லல. பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல படிச்சுக் காட்டிருச்சு. அம்மா ரெண்டு நாளு சாப்புடல.”

ராஜலட்சுமி ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

“ஒங்களுக்கு மனசு லேசாகணும்னு போட்டீங்க. ஆயிருச்சா?”

“இல்ல.”

“எனக்கும் இல்ல” என்றாள் செவந்தி.

“அழிச்சிரட்டுமா?”

“அது ஒங்க பக்கம். என்கிட்டக் கேக்காதீங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் மேலிருந்து இன்னொரு அறிவிப்பின் ஒத்திகை கேட்டது.

பஸ் ஸ்டாண்டில் நின்று ராஜலட்சுமி அந்தப் பதிவை நீக்கினாள். வீட்டுக்குப் பயந்து எடுத்துவிட்டாள் என்று பேசினார்கள். முன்பு பாராட்டியவர்களே ஏசினார்கள். அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை. உறவினர் குழுவில், சித்தப்பா ‘குடும்பப் பொண்ணுக்கு அழகு’ என்று கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அதுதான் எல்லாவற்றையும்விட அவளைக் குறுகவைத்தது.

செயலிக்காரர்கள் இரண்டாம் பாகத்துக்குக் கேட்டபோது, குரல் செவந்திதான், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். செவந்தி ஒப்புக்கொண்டாள். கடையிலேயே பதிவு செய்வேன், எழுதியவர் வந்து உட்கார வேண்டியதில்லை, கேட்க வேண்டியதை எழுதிக் கேட்பேன் என்று நிபந்தனை அனுப்பினாள். குடையிலாருக்குத் தனியாகப் பேச்சு மாற்ற முடியாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. எல்லாவற்றுக்கும் ராஜலட்சுமி சரி என்றாள்.

எழுத உட்கார்ந்தபோது இளவரசி வழக்கம்போல் பாயவில்லை. அரசவையில் ஒரு குடையிலாப் பெண்ணை நிறுத்தி விசாரிக்கிறார்கள். வெண்பரிதி வாயைத் திறந்தால் அவள் தப்பிப்பாள். வெண்பரிதி தந்தையின் முகத்தைப் பார்க்கிறாள், அவையோரின் முகங்களைப் பார்க்கிறாள், பேசாமல் வெண்குடையின் கீழ் நிற்கிறாள். விசாரிக்கப்படும் பெண் அவளைப் பார்ப்பதே இல்லை. அத்தியாயம் அங்கேயே முடிந்தது. வெளியானதும் வாசகர்கள் கோபப்பட்டார்கள். ‘எங்கள் இளவரசி இப்படிச் செய்யமாட்டாள்’ என்று ஒருத்தி எழுதினாள். பலர் தொடரைவிட்டுப் போனார்கள். ராஜலட்சுமி அதை மாற்றவில்லை.

அந்த அத்தியாயத்தின் ஒலிப்பதிவு ஒரு வேலை நாளில் வந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், நிற்க மட்டுமே இடம் இருந்த கூட்டத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு இயர்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்டாள். செவந்தி நன்றாகப் படித்திருந்தாள். இளவரசி மௌனமாக நிற்கும் இடத்தில் குரல் ஏறவோ இறங்கவோ இல்லை; பழிப்பதாகவும் இல்லை, மன்னிப்பதாகவும் இல்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி படித்திருந்தாள். ராஜலட்சுமி நாலு பேர் நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

குளத்தூரில் இறங்கும்போது செய்தி ஒன்று வந்தது. ‘சத்தம் எல்லாம் சரியா இருக்கா மேடம்?’

வேறு ஏதேதோ அடித்து, அடித்ததை அழித்தாள். ‘சரியா இருக்கு’ என்று மட்டும் அனுப்பிவிட்டு, ஊருக்குப் போகும் மினி பஸ்ஸுக்காக நின்றாள்.